8 நோடு அட்ஹாக் நெட்வொர்க்: கொள்ளளவு என்று எந்த எண்ணை எழுதுவது?

ஹாப்பாண்டி:

வணக்கம். ஆய்வகத்தில் 8 ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி) வைத்து ஒரு அட்ஹாக் நெட்வொர்க் ஓடுகிறது, அதாவது நடுவில் ரூட்டர் இல்லாமல் நோடுகளே (அந்தக் கணினிகளே) ஒன்றுக்கொன்று பாக்கெட்டைக் கடத்தும் வலை. ஆண்டெனா கழற்றக்கூடிய யுஎஸ்பி வைஃபை, ஐபிஎஸ்எஸ் முறை (அணுகல் புள்ளி இல்லாத வைஃபை), 802.11ஏ (5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தரம்), 36ஆம் சேனல், வேகம் 24 மெகாபிட்டில் பூட்டியது, ரூட்டிங்குக்கு (வழி கண்டுபிடிக்க) ஓஎல்எஸ்ஆர் நெறிமுறை. எட்டும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன. லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் மேக் முகவரி (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள எண்) பார்த்து, பக்கத்து நோடிடமிருந்து வருவதை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் டிராப் செய்து, 1 முதல் 8 வரை ஒரு சங்கிலியாக்கியிருக்கிறேன்.

அளக்க ஐபெர்ஃப் கருவி, யுடிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பாத முறை), 1470 பைட் பாக்கெட். நாலு ஓட்டத்தை ஒரே நேரத்தில் 10 மெகாபிட் வீதம் தள்ளினேன். வந்து சேர்ந்தது (மெகாபிட்/நொடி; ஹாப் என்றால் ஒரு நோடிலிருந்து அடுத்ததற்கு ஒரு தாவல்):

1 ஹாப் ஓட்டம்: 9.1
இன்னொரு 1 ஹாப்: 4.8
4 ஹாப்: 0.3
6 ஹாப்: 0.2

கூட்டினால் 14.4 மெகாபிட்/நொடி. இதையே "நெட்வொர்க்கின் கொள்ளளவு" என்று எழுதலாமா? நோடு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஒரு நோடுக்குக் கிடைப்பது குறையும் என்கிறார்களே, அதை 8 நோடில் காட்ட முடியுமா? ஒரு நோடைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தால் எண்கள் தாறுமாறாக வருகின்றன, அதை எப்படிப் பதிவு செய்வது?

கூடவே ஒரு புதிர். 1லிருந்து 7க்குப் போகும் 6 ஹாப் ஓட்டம் சில சமயம் அடியோடு நின்றுவிடுகிறது. ரூட் டேபிளில் வழி சரியாகவே இருக்கிறது. பிங் கொடுத்தால் முதல் ஒன்றிரண்டு போகும், அப்புறம் மௌனம்.

---

ஏர்டைம்கணக்கன்:

14.4ஐ எழுதாதீர்கள். அந்தக் கூட்டுத்தொகையில் 13.9 இரண்டு 1 ஹாப் ஓட்டங்களுடையது. நாளைக்கு அந்த இரண்டையும் நீண்ட ஓட்டங்களாக மாற்றினால் கூட்டுத்தொகை 3 மெகாபிட்டுக்கு இறங்கும். நெட்வொர்க் அதே நெட்வொர்க்தான். பங்கீடு எவ்வளவு சமம் என்று காட்டும் ஜெயின் நியாயக் குறியீடு போட்டுப் பாருங்கள்: கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, ஓட்ட எண்ணிக்கை பெருக்கல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 0.49 வருகிறது. நாலு பேரில் ஏறக்குறைய இரண்டு பேர்தான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

முதலில் காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 1470 பைட்டோடு யுடிபி, ஐபி தலைப்புகள் 28, எல்எல்சி தலைப்பு 8, மேக் (வைஃபை அடுக்கு) தலைப்பும் பிழைசோதனைக்கான எஃப்சிஎஸ்ஸும் 28 சேர்ந்தால் 1534 பைட். 24 மெகாபிட்டில் ஒரு சிம்பல் (4 மைக்ரோநொடித் துண்டு) 96 பிட். முன்னும் பின்னும் ஒட்டும் 22 பிட்டையும் சேர்த்து 129 சிம்பல், அதாவது 516 மைக்ரோநொடி, முன்னுரைக்கு 20. ஆக மொத்தம் ஒரு பாக்கெட்டுக்கு:

டிஐஎஃப்எஸ் 34 (பேசுமுன் கட்டாயக் காத்திருப்பு)
சராசரி பேக்ஆஃப் 67.5 (மோதாமலிருக்கத் தற்செயல் காத்திருப்பு; 9 மைக்ரோநொடி ஸ்லாட், 0 முதல் 15 வரை)
டேட்டா 536
எஸ்ஐஎஃப்எஸ் 16 (பதிலுக்கு முன் குட்டி இடைவெளி)
ஏசிகே 28 ("கிடைத்தது" என்ற பதில்)

கூட்டினால் 681.5 மைக்ரோநொடி. உள்ளே போகும் பயன் 11,760 பிட். எனவே ஒரே ஒருவர் ஒரு ஹாப்பில் கத்திக்கொண்டே இருந்தாலும் 17.3 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அட்டையில் 24 என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். இதே கணக்கில் 6 மெகாபிட்டுக்கு 5.3ம், 54க்கு 29.9ம் வரும். வேகம் கூடக்கூட பேக்ஆஃபும் முன்னுரையும் விழுங்கும் பங்கு எப்படி ஏறுகிறது பாருங்கள்.

இப்போது உங்கள் நாலு எண்களையும் அவரவர் ஹாப்பால் பெருக்குங்கள்: 9.1 + 4.8 + 1.2 + 1.2 = 16.3. பாதி வழியில் செத்துப்போன பாக்கெட்டுகளும் காற்றைத் தின்றிருக்கும். ஆக, சேனல் நிரம்பிவிட்டது. நீங்கள் அளந்தது நெரிசலில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பதை.

கொள்ளளவு என்று எழுதத் தகுந்தது இதுதான்: எல்லா ஓட்டங்களுக்கும் ஒரே வீதம் கொடுத்து, ஒன்றுகூட 95 சதவீதத்துக்குக் கீழே போகாமல் தாங்கும் மிக உயர்ந்த வீதம். செய்முறை:

எட்டு நோடுக்கும் ஆளுக்கொரு சேருமிடம், யாருக்கும் இரண்டு முறை வராதபடி குலுக்கிப் போடுங்கள். அந்த அமைப்பின் மொத்த ஹாப் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, 17.3ஐ அதால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும். 8 நோடு சங்கிலியில் சராசரி தூரம் 3 ஹாப், மொத்தம் 24, எல்லை 0.72 மெகாபிட். 0க்கும் அதற்கும் நடுவே இருகூறாகப் பிரித்துத் தேடுங்கள். 5 படியில் 0.02 மெகாபிட் துல்லியம் வந்துவிடும். ஒவ்வொரு ஓட்டமும் 60 நொடி, முதல் 10 நொடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அடுத்ததற்கு முன் வரிசைகள் வடிய 10 நொடி இடைவெளி. 20 குலுக்கல் × 5 படி × 70 நொடி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆர்எஃப்சி 2544இல் (நெட்வொர்க் கருவிகளைச் சோதிக்கும் முறை பற்றிய இணைய ஆவணம்) உள்ள "ஒரு பாக்கெட்கூட இழக்காத வீதம்" என்ற வரையறையை இங்கே கொண்டுவராதீர்கள். அது கம்பியில் ஓடும் கருவிகளுக்கு எழுதியது. ரேடியோவில் ரீட்ரை (மறுமுயற்சி) முடிந்து எப்போதாவது ஒன்று விழத்தான் செய்யும். பூஜ்ய இழப்பு கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும்.

---

கம்பிக்காரன்:

மேலே சொன்ன கணக்கு சரி. அடிப்படையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாராவது சொல்லியாக வேண்டும்: மேசைமேல் இருப்பது சங்கிலியே இல்லை.

5180 மெகாஹெர்ட்ஸில் 1 மீட்டருக்கு வெளியிழப்பு சுமார் 47 டிபி, 3 மீட்டருக்கு 56. 20 டிபிஎம்மில் (டிபிஎம் சிக்னல் சக்தியின் அளவு, டிபி இழப்பின் அளவு) அனுப்பினால் மேசையின் மறுகோடியில்கூட மைனஸ் 36 டிபிஎம் வந்து விழுகிறது. கேரியர் சென்ஸ் (பேசுமுன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்பது) மைனஸ் 82லேயே கேட்டுவிடும். ஐபிடேபிள்ஸ் டிராப் செய்வது பாக்கெட் ரேடியோவைத் தாண்டி, ஏசிகேயும் போன பிறகு. ஆக எட்டு பேரும் எட்டு பேரையும் கேட்கிறார்கள். ஒருவர் பேசினால் ஏழு பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அட்ஹாக் நெட்வொர்க்கின் கொள்ளளவைத் தீர்மானிக்கும் இரண்டு விஷயங்கள், தூரத்தில் உள்ள இரண்டு ஜோடிகள் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒருவரை ஒருவர் கேட்காத இரண்டு பேர் நடுவில் உள்ளவரிடம் மோதுவதும், இரண்டுமே உங்கள் மேசையில் கிடையாது.

ஒப்பிட ஒரு பழைய கணக்கு. 2001இல் எம்ஐடி குழு ஒன்று வெளியிட்ட சிமுலேஷன் முடிவு: ரேடியோ எட்டும் தூரம் 250 மீட்டர், குறுக்கிடும் தூரம் 550 மீட்டர், நோடுகள் 200 மீட்டர் இடைவெளியில். நீண்ட சங்கிலியில் ஒரு ஹாப் கொள்ளளவில் நாலில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். 802.11 மேக் கொடுத்தது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. காரணம், சங்கிலியின் தலையில் இருக்கும் நோடுக்குப் போட்டி குறைவு. அது அள்ளி அள்ளி உள்ளே தள்ளுகிறது, இரண்டாவது மூன்றாவது நோடுகளால் கடத்த முடியாமல் வரிசை நிரம்பிக் கொட்டுகிறது. உங்கள் மேசையில் 7 ஹாப் ஓட்டத்துக்கும் ஏழில் ஒரு பங்குதான் வரும். அது இந்தக் காரணத்தால் வராது, வெறும் வகுத்தலால் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஆய்வுடன் ஒத்துப்போகிறது" என்று எழுதிவிடாதீர்கள்!

சரியாகச் செய்ய, காற்றுக்குப் பதில் கோஆக்ஸ் கேபிள். ஆண்டெனாக்களைக் கழற்றிவிட்டு, ஒரு நீளக் கேபிளில் 8 டேப் (சிக்னலில் சிறு பங்கை எடுக்கும் கிளை), இரண்டு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் விழுங்கும் மூடி). அனுப்பும் சக்தியை 0 டிபிஎம்முக்கு இறக்குங்கள். பிறகு எல்லாம் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) கணக்கு:

டேப் ஒவ்வொன்றும் 25 டிபி, நோடுகளுக்கு நடுவே 15 டிபி என்றால் பக்கத்து நோடுக்கு மைனஸ் 65, இரண்டு தள்ளி மைனஸ் 80, மூன்று தள்ளி மைனஸ் 95. இரண்டு தள்ளி இருப்பவர் வரை மட்டும் கேட்டு ஒதுங்குவார்கள்.

டேப் 20 டிபி, நடுவே 25 டிபி என்றால் பக்கத்தில் அதே மைனஸ் 65, இரண்டு தள்ளி மைனஸ் 90. இங்கே 1ஆம் நோடுக்கு 3 பேசுவது கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் 2இடம் மோதும். மறைமுனைச் சிக்கல் கையில் பிடித்துப் பார்க்கும்படி கிடைக்கும்.

டேப் இழப்பு என்பதில் கேபிள், கனெக்டர் இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த அமைப்பிலும் ஏற்பிக்கு மைனஸ் 30க்கு மேல் போக விடாதீர்கள், 802.11ஏ தரம் உறுதி கொடுப்பது அதுவரைதான்.

மாட்டிக்கொள்ளும் இடம் கசிவு. யுஎஸ்பி குச்சியின் பிளாஸ்டிக் உடம்பிலிருந்தே சிக்னல் வெளியேறும். சோதனை எளிது: ஒரு நோடைக் கேபிளிலிருந்து கழற்றி, அதன் கனெக்டரில் 50 ஓம் மாட்டிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மற்ற நோடு எதற்காவது அது கேட்டால் அட்டென்யுவேட்டர் கணக்கெல்லாம் வீண். ஆளுக்கொரு மூடியிட்ட உலோகப் பெட்டி வேண்டும், யுஎஸ்பி கேபிளிலும் ஃபெரைட் (கசிவைத் தடுக்கும் வளையம்) போடுங்கள். சில அட்டைகள் 0 டிபிஎம் கேட்டால் "சரி" என்று சொல்லிவிட்டு 10இலேயே நிற்கும். பெற்ற சிக்னல் அளவைப் படித்து உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

---

ஹாப்பாண்டி:

மிக்க நன்றி. கேபிளும் டேப்பும் வாங்க நேரம் எடுக்கும். அதுவரை மேசையிலேயே ஒரே வீதத் தேடலை ஓட்டிப் பார்க்கிறேன். நின்றுபோகும் 6 ஹாப் ஓட்டம் பற்றி யாருக்காவது தெரியுமா? ஸ்டேஷன் டம்ப் (வைஃபை கார்டின் எண்ணிகள்) பார்த்தால் அனுப்பியதில் தோல்வியே இல்லை என்கிறது. அதுதான் குழப்பம்.

---

ரூட்டுத்தலை:

காரணம் ஐசிஎம்பி ரீடைரக்ட், அதாவது "இதைவிட நேரான வழி இருக்கிறது" என்று ஒரு நோடு இன்னொன்றுக்குச் சொல்லும் செய்தி.

1 அனுப்பியதை 2 வாங்கி, அதே இன்டர்ஃபேஸில் 3க்குத் திருப்பிவிடுகிறது. எல்லோரும் ஒரே சப்நெட் (ஒரே முகவரிக் குழு) என்பதால் 2இல் உள்ள லினக்ஸ், "இதை நீயே நேராக 3க்குக் கொடேன்" என்று 1க்கு ரீடைரக்ட் அனுப்பும். 1 சங்கிலியின் கடைசி நோடு, அதனால் அதில் ஐபி ஃபார்வர்டிங்கை (பிறர் பாக்கெட்டைக் கடத்துவதை) ஆன் செய்திருக்க மாட்டீர்கள். ஃபார்வர்டிங் இல்லாத மெஷின் ரீடைரக்டை நம்பி ஏற்றுக்கொள்ளும். அடுத்து 3இன் முகவரிக்கு ஏஆர்பி ("உன் மேக் முகவரி என்ன?" என்ற கேள்வி) போகும். ஏஆர்பி ஐபிடேபிள்ஸுக்குள் வராது, எனவே பதில் கிடைத்துவிடும். பாக்கெட் நேராக 3க்குப் போகும், 3இன் ரேடியோ மரியாதையாக ஏசிகே கொடுக்கும், அப்புறம் உங்கள் ஐபிடேபிள்ஸ் விதி அதைக் குப்பையில் போடும். தோல்வி எண் பூஜ்யம், வந்து சேர்ந்ததும் பூஜ்யம். ரீடைரக்ட் ரூட் டேபிளில் தெரியாது, கேஷில் மட்டும் இருக்கும். அதனால்தான் வழி சரியாக இருப்பதுபோல் தோன்றியது.

எட்டு நோடிலும் சென்ட் ரீடைரக்ட்ஸ், அக்சப்ட் ரீடைரக்ட்ஸ் இரண்டையும் 0 ஆக்குங்கள். "ஆல்" என்பதில் மட்டும் மாற்றினால் போதாது, அந்த வைஃபை இன்டர்ஃபேஸின் பெயரிலும் மாற்ற வேண்டும். ஃபார்வர்டிங்கை எட்டிலும் ஆன் செய்யுங்கள்.

இதே வேகத்தில் இன்னும் சில. பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதியை அணையுங்கள். நாட்டுக் குறியீட்டைப் போடுங்கள். போடாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸில் பல சேனல்களில் முதலில் வாய் திறக்கவே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அனுமதிக்காது. ஐபெர்ஃப் "அனுப்பினேன்" என்று சொல்வதை நம்பாதீர்கள். அது சாக்கெட்டுக்குள் போட்டதைத்தான் எண்ணுகிறது. வரிசை நிரம்பிக் கர்னலிலேயே விழுந்தது காற்றுக்கு வரவேயில்லை. ஒவ்வொரு நோடிலும் இன்டர்ஃபேஸ் எண்ணிகளை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழித்தால், பாக்கெட் காற்றில் விழுந்ததா வரிசையில் விழுந்ததா என்று தெரியும்.

சேனல் எவ்வளவு நேரம் நிரம்பியிருந்தது என்று சொல்லும் சர்வே டம்ப் தரும் "சேனல் பிசி" நேரத்தை "ஆக்டிவ்" நேரத்தால் வகுத்து வையுங்கள். ஒருவர் மட்டும் முழு வீச்சில் அனுப்பும்போதே அது 83 சதவீதம்தான் காட்டும். மேலே கணக்கன் போட்ட 681.5இல் டேட்டாவும் ஏசிகேயும் சேர்ந்து 564தானே, மீதி இடைவெளி. 83ஐப் பார்த்து "இன்னும் 17 மிச்சமிருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். சில யுஎஸ்பி டிரைவர்கள் இந்த எண்களைத் தருவதேயில்லை. அப்படியானால் ஒன்பதாவதாக ஒரு கருவியை மானிட்டர் முறையில் (எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும் முறை) வைத்து, பிடித்த ஃபிரேம்களின் நேரத்தைக் கூட்ட வேண்டியதுதான்.

நடக்கும் நோடு. இரண்டு தனிக் காரணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

முதலாவது: அண்டை நோடுகளைக் கண்டறிய ஓஎல்எஸ்ஆர் அனுப்பும் ஹெலோ செய்தி எல்லோருக்குமான ஒலிபரப்பு, எனவே அடிப்படை வேகமான 6 மெகாபிட்டில் போகும். டேட்டா 24இல். தரத்தின்படி 6க்கு மைனஸ் 82 போதும், 24க்கு மைனஸ் 74 வேண்டும். 8 டிபி வித்தியாசம். கட்டடத்துக்குள் இழப்பு அடுக்கு (தூரம் கூடும்போது சிக்னல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற எண்) 3 என்று வைத்தால் ஹெலோ 1.85 மடங்கு தூரம் போகும். அந்த வளையத்தில் நிற்கும்போது ஓஎல்எஸ்ஆர் "பக்கத்து வீட்டுக்காரர்" என்று சத்தியம் செய்யும், ஒரு டேட்டா பாக்கெட்டும் போகாது. ஐபிஎஸ்எஸ்ஸில் சேரும்போதே மல்டிகாஸ்ட் (ஒலிபரப்பு) வேகத்தையும் 24 ஆக்கினால் இந்தச் சாம்பல் வளையம் பெருமளவு சுருங்கும். முழுவதும் மறையாது. ஹெலோ சின்ன பாக்கெட், பிழைத்துவிடும். 1500 பைட் பிழைக்காது.

இரண்டாவது: இணைப்பு அறுந்தது தெரிய எடுக்கும் நேரம். ஆர்எஃப்சி 3626 மதிப்புகளில் ஹெலோ 2 நொடிக்கு ஒருமுறை, அண்டை நோடை மறக்க 6 நொடி. எட்டும் தூரம் 50 மீட்டர், நடை வேகம் நொடிக்கு 1.4 மீட்டர் என்றால் நிற்கும் நோடைக் கடந்து போக 71 நொடி. அதில் 6 நொடி இருட்டு, 8 சதவீதம். இருவர் எதிரெதிரே நடந்தால் 36 நொடி, அதே 6 நொடி, 17 சதவீதம். 60 நொடிச் சராசரி எடுத்தால் இந்தக் குழி விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து எண் ஆடும். நீங்கள் பார்த்த தாறுமாறு அதுதான். 1 நொடித் துண்டுகளாகப் பதிவு செய்து, பூஜ்ய நொடிகள் எத்தனை, மீதி நொடிகளின் இடைமதிப்பு என்ன என்று இரண்டு எண்களாக எழுதுங்கள். கடிகாரங்களைக் குரோனி (நேரம் சரிசெய்யும் மென்பொருள்) வைத்து ஒத்திசைக்க மறக்காதீர்கள். அதை ஈதர்நெட் கம்பி வழியாகச் செய்யுங்கள், அளக்கும் காற்றிலேயே செய்ய வேண்டாம்.

நடப்பவர் உடம்பு ஆண்டெனாவை மறைத்தாலும் எண் மாறும். போகும்போதும் திரும்பும்போதும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

---

வர்க்கமூலம்:

கோட்பாட்டுக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.

2000இல் குப்தாவும் குமாரும் காட்டியது: ஒரு பரப்பில் தற்செயலாகச் சிதறிய நிலையான நோடுகள், தற்செயல் சேருமிடங்கள் என்றால், ஒரு நோடுக்குக் கிடைப்பது நோடு எண்ணிக்கையை அதன் லாகரிதத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தின் தலைகீழ்போல் குறையும். 2007இல் பிரான்செஸ்கெட்டியும் கூட்டாளிகளும் அந்த லாகரிதத்தையும் நீக்கினார்கள். கவனிக்க வேண்டியது "பரப்பில்". நேர்கோட்டில் வர்க்கமூலம் வராது. சங்கிலியின் நடு இணைப்பை ஏறக்குறைய பாதி ஓட்டங்கள் கடந்தாக வேண்டும், எனவே நோடு எண்ணிக்கையின் நேர்த் தலைகீழ்தான். மேசையிலோ அதைவிட மோசம், மொத்த ஹாப்பே வர்க்கமாக வளர்கிறது.

4 நோடிலிருந்து 8க்குப் போகும்போது ஒரு நோடின் பங்கு எத்தனையாகச் சுருங்கும்? வர்க்கமூலம் என்றால் 0.71. இடமறுபயன் (தூரத்து ஜோடிகள் ஒரே நேரத்தில் பேசுவது) உள்ள சங்கிலி என்றால் 0.5. ஒரே மேசை என்றால் 0.28. குப்தா, கிரே, குமார் 2001இல் உண்மையான லேப்டாப்புகளை வைத்து அளந்தபோது நோடு எண்ணிக்கையின் அடுக்கு 1.68 வந்தது, அதாவது 0.31. கோட்பாட்டு எல்லைக்கு வெகு கீழே. ஆக, 8 நோடில் வர்க்கமூலத்தை "நிரூபிக்க" முடியாது. மூன்றில் எது உங்கள் நெட்வொர்க் என்று பிரித்துச் சொல்ல முடியும், அறிக்கைக்கு அதுவே தாராளம்.

அறிக்கையில் யாராவது 2002இன் கிராஸ்குளாசர்–ட்சே முடிவை இழுப்பார்கள்: நோடுகள் நகர்ந்தால் கொள்ளளவு கூடும், ஒரு நோடுக்குக் கிடைப்பது எண்ணிக்கை வளர்ந்தாலும் குறையாது என்று. அது உண்மை. அங்கே பாக்கெட்டை வாங்கிய நோடு அதைச் சுமந்துகொண்டே நடக்கும், சேருமிடத்தின் பக்கத்தில் வரும்போது கொடுக்கும், தாமதத்துக்கு எல்லை கிடையாது. ஓஎல்எஸ்ஆர் எதையும் சுமக்காது. வழி இல்லையென்றால் அந்த நொடியே கொட்டிவிடும். ஆகவே வராந்தாவில் நடந்தால் உங்களுக்குக் குறையவே செய்யும், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

பெரிய எண்ணிக்கைக்கு சிமுலேஷனுக்குப் போனால் ரேண்டம் வேபாயின்ட் மாதிரியில் (தற்செயல் இடத்துக்குத் தற்செயல் வேகத்தில் நோடுகள் நடக்கும் மாதிரி) குறைந்தபட்ச வேகத்தை 0 என்று விடாதீர்கள். ஊர்ந்து செல்லும் நோடு தன் பயணத்தை முடிக்கவே முடிக்காது, நேரம் போகப்போக சராசரி வேகம் சரிந்துகொண்டே இருக்கும். 2003இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள், இன்னும் ஆய்வேடுகளில் பார்க்கிறேன். நோடுகள் நடுவில் குவிவதும் அந்த மாதிரியின் குணம்.

95 சதவீத எல்லையில் மட்டும் கணக்கனோடு எனக்கு உடன்பாடில்லை. 90, 95, 98 மூன்றிலும் எழுதுங்கள். மூன்றும் ஒட்டி வந்தால் வளைவு செங்குத்தாக விழுகிறது என்று பொருள். விலகி வந்தால் உங்கள் இணைப்புகளிலேயே இழப்பு இருக்கிறது.

---

ஹாப்பாண்டி:

ரீடைரக்டை அணைத்தேன், 6 ஹாப் ஓட்டம் இப்போது நிற்கவில்லை. மேசையில் ஒரே வீதத் தேடல் முடிந்தது. மூன்று குலுக்கல்களின் விடை:

மொத்தம் 32 ஹாப்: 0.44 மெகாபிட்
மொத்தம் 24 ஹாப்: 0.58
மொத்தம் 16 ஹாப்: 0.87

90க்கும் 98க்கும் நடுவே வித்தியாசம் ஒரு படிதான். எல்லையைவிட எல்லாமே சுமார் 19 சதவீதம் கீழே இருக்கின்றன. தவறு ஏதாவது செய்கிறேனா?

---

ஏர்டைம்கணக்கன்:

தவறில்லை. ஒருவருக்கு மேல் போட்டியிட்டால் மோதல், மோதினால் பேக்ஆஃப் இரட்டிப்பு, அதற்கு மேல் ஓஎல்எஸ்ஆர் ஒலிபரப்பு, பீக்கன் (நெட்வொர்க் இருப்பதை அறிவிக்கும் சிக்னல்). என் 17.3 ஒரே ஒருவர் பேசும்போது வருவது.

இப்போது வீதத்தை மொத்த ஹாப்பால் பெருக்குங்கள்: 14.1, 13.9, 13.9. யார் யாருக்கு அனுப்பினாலும் ஒரே எண். கம்பிக்காரன் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், நீங்கள் அளந்தது ஒரே ஒரு சேனலை. கேபிள் வந்ததும் அதே மூன்று குலுக்கல்களை, அதே விதைஎண்ணோடு (குலுக்கலைத் தொடங்கும் எண்), 15 டிபியிலும் 25 டிபியிலும் ஓட்டி இந்தப் பெருக்கலை மறுபடி போடுங்கள். அப்போது அது 14ஐத் தாண்டினால் இடமறுபயன், கீழே விழுந்தால் மறைமுனை. எந்த ஓட்டத்தில் எது என்று ஒவ்வொரு நோடின் ரீட்ரை எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்கும், அதையும் சேர்த்தே போடுங்கள்.